மனோர் பார்க்கில் பிறந்த விகடகவி: ஸ்ரான்லி ஹொலவே (1890 – 1982)

லண்டனில் எம்மவர்கள் செறிந்து வாழும் இடங்கள் எவை என்று கேட்டால் ஈஸ்ட்ஹாம், மனோர் பார்க் இரண்டும் முதலில் வாயில் வரும். சேர்ச் வீதியில் முருகன் கோயில், ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் புடவைக்கடைகளும் நகைக்கடைகளும் மரக்கறிக்கடைகளும், சனி ஞாயிறுகளில் கார் விட இடம் கிடைக்காத தெருக்கள். அந்த மனோர் பார்க்கில் அல்பனி வீதி என்றொரு தெரு இருக்கிறது. அங்கே ஒரு வீட்டுச் சுவரில் 2009இல் வட்டமான நீலப் பலகை ஒன்று பதிக்கப்பட்டது. ஸ்ரான்லி ஹொலவே என்ற நடிகர் அந்த வீட்டில் பிறந்தார் என்பதைச் சொல்லும் பலகை அது.

பெயர் எம்மில் பலருக்குத் தெரிந்திராது. முகம் தெரிந்திருக்கும். நத்தார் விடுமுறைகளில் தொலைக்காட்சியில் 'மை ஃபெயர் லேடி' போகும்போது, பூக்காரி எலைசாவின் தகப்பனாக, குப்பை அள்ளும் தொழிலாளி அல்பிரட் டூலிட்டிலாக, மதுக்கடை வாசலில் ஆடிப் பாடி வருகிறாரே ஒரு வயோதிபர், அவர்தான். அந்தப் படம் வெளிவந்த 1964இல் அவருக்கு வயது 74. அதற்கு முன்னே அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட மேடை வாழ்க்கை இருந்தது. அதைப் பற்றியே இந்தக் கட்டுரை.

அமெரிக்காவில் வோட்வில் என்று அழைக்கப்பட்டதை இங்கிலாந்தில் மியூசிக் ஹோல் என்றும் பின்னாளில் வெரைட்டி என்றும் சொன்னார்கள். ஓர் இரவில் பத்துப் பன்னிரண்டு உருப்படிகள். பாட்டுக்காரி, பந்து எறிந்து பிடிப்பவர், பொம்மையைப் பேச வைப்பவர், நடுவில் ஒரு விகடகாரர். ஒவ்வொருவருக்கும் பத்துப் பதினைந்து நிமிடம். பிடிக்காவிட்டால் சனம் கூச்சல் போட்டு இறக்கிவிடும். கிழக்கு லண்டன் இந்தக் கலைக்குப் பெயர் போன இடம். 1859இல் திறந்த வில்ற்றன்ஸ் மியூசிக் ஹோல் வைற்சப்பல் பக்கம் இன்றும் நிற்கிறது. 1901இல் கட்டிய ஹக்னி எம்பயரில் இப்போதும் நிகழ்ச்சிகள் நடக்கின்றன. சார்லி சப்ளினும் ஸ்ரான் லோரலும் இந்த மேடைகளின் பிள்ளைகள்; இருவரும் பிரெட் கார்னோ என்பவரின் குழுவோடு அமெரிக்கா போய் அங்கேயே சினிமாவில் நிலைத்தவர்கள். ஹொலவே சப்ளினை விட ஒரு வயதுதான் இளையவர். ஆனால் சப்ளின் இருபதுகளில் அடைந்த திரையுலக இடத்துக்குப் பக்கத்தில் வரவே இவருக்கு ஐம்பது வயதாகிவிட்டது. காரணம் எளிது. சப்ளினின் சொத்து உடல். ஹொலவேயின் சொத்து குரல். சினிமா வாய் திறந்து பேசும்வரை அவருக்கு அங்கே வேலை இல்லை. 1921இல் ஒரு மௌனப் படத்தில் தலைகாட்டினார். அதனால் அவருக்குப் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை.

பிறந்தது 1890 ஒக்டோபர் 1. அக்காலத்தில் மனோர் பார்க் லண்டனுக்குள் அடங்காது. எசெக்ஸ் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆபிரிக்காவுக்குள் புகுந்து பயணம் செய்த ஹென்றி மோட்டன் ஸ்ரான்லியின் நினைவாகப் பெற்றோர் இந்தப் பெயரை வைத்தார்கள். பேரரசு உச்சத்தில் இருந்த காலத்துப் பெயர். தந்தை ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் எழுதுவினைஞர், தாய் தையல் வேலை செய்தவர். 1905இல் தந்தை குடும்பத்தை விட்டுப் போனார். பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. பையன் 14 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுச் சப்பாத்துப் பொலிஷ் செய்யும் தொழிற்சாலையொன்றில் இளநிலை எழுதுவினைஞராகச் சேர்ந்தான். வாரம் 10 சிலிங். பழைய கணக்கில் 20 சிலிங் ஒரு பவுண். ஆகவே வாரத்துக்கு அரைப் பவுண். அடுத்தது பில்லிங்ஸ்கேற் மீன் சந்தையில் எழுதுவினைஞர் வேலை. பக்கத்தில் மாலை வேளைகளில் பாட்டு. சின்ன வயதில் தேவாலயப் பாடகர் குழுவில் பழகிய குரல் அது.

பில்லிங்ஸ்கேற் என்றதும் எமது கடைக்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். விடியப்புறம் எழும்பி அங்கே போய் மீன் எடுத்து வந்து ஈஸ்ட்ஹாமிலும் சவுத்ஹோலிலும் விற்பவர்கள் எம்மில் எத்தனை பேர். ஹொலவே காலத்தில் சந்தை இருந்தது தேம்ஸ் நதிக்கரையில், லண்டன் பாலத்துக்குக் கிட்ட. தொழிலாளரும் முகவர்களும் ஒருவரை ஒருவர் ஏசுவதற்குப் பெயர் போன இடம். 'பில்லிங்ஸ்கேற்' என்ற சொல்லுக்கே ஆங்கில அகராதியில் வசைமொழி என்று பொருள் உண்டு. பேரேட்டில் பெட்டிக்கணக்கு எழுதிக்கொண்டு அந்தப் பேச்சையெல்லாம் காதால் குடித்துக்கொண்டிருந்த ஒரு பையனை நாம் கற்பனை செய்து பார்க்கலாம். கணக்கு எழுதும் மேசையில் இருந்தவர்களுக்குத் தெரியும், அங்கே கை மட்டுமே வேலை செய்யும். காது சும்மாதான் இருக்கும்.

1910இல் கடற்கரை ஊர்களில் கோடை காலத்தில் நடக்கும் கொன்சேர்ட் பார்ட்டி குழுக்களில் சேர்ந்தார். மியூசிக் ஹோலில் ஒருவர் தன் உருப்படியை முடித்துவிட்டு வீடு போகலாம். கொன்சேர்ட் பார்ட்டியில் ஏழெட்டுப் பேர் முழு நிகழ்ச்சியையும் தாங்க வேண்டும். பாட வேண்டும், ஆட வேண்டும், குட்டி நாடகத்தில் நடிக்க வேண்டும், அடுத்தவர் பகிடி விடும்போது பேசாமல் நிற்கவும் தெரிய வேண்டும். லெஸ்லி ஹென்சன் என்ற நகைச்சுவை நடிகர் இவரை அங்கே கண்டு மேலே கொண்டுவந்தார். 1913இல் நல்ல குரல் என்று நம்பி இத்தாலியின் மிலான் நகருக்குப் போய் ஒபேரா சங்கீதம் படிக்கத் தொடங்கினார். அதிக காலம் இருக்கவில்லை. கேளிக்கை மேடைதான் தன் இடம் என்று திரும்பிவிட்டார்.

முதலாம் உலகப்போரில் கனோட் ரேஞ்சர்ஸ் என்ற ஐரிஷ் படைப்பிரிவில் அதிகாரியானார். 1916 ஈஸ்ரர் கிளர்ச்சிக் காலத்தில் அயர்லாந்தின் கோர்க் நகரில் கடமையில் இருந்தார். பிறகு பிரான்சில் பதுங்குகுழிகள். விடுதலை கேட்டு எழுந்த ஒரு சிறிய நாட்டுக்கு எதிராக அனுப்பப்பட்ட படையில் அவர் இருந்தார் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. படையினருக்கான கலைநிகழ்ச்சிகளிலும் அக்காலத்தில் பங்கெடுத்தார். பத்து வருடம் கழித்து அவர் எழுதிய மிகப் பிரபலமான உருப்படி அதிகாரிக்குக் கீழ்ப்படிய மறுக்கும் ஒரு சாதாரணச் சிப்பாயைப் பற்றியது என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம்.

1921 ஜூனில் 'த கோ-ஒப்ரிமிஸ்ற்ஸ்' என்ற நிகழ்ச்சி லண்டன் றோயல்ரி அரங்கில் தொடங்கியது. கூட்டுறவு, நன்னம்பிக்கை என்ற இரண்டு சொற்களையும் ஒட்டிய பெயர். உண்மையிலேயே கலைஞர்கள் கூட்டுறவு முறையில் சேர்ந்து நடத்தியது. எமது ஊர்ச் சங்கக்கடை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரையில் நடந்ததை வெஸ்ற் எண்டுக்குக் கொண்டுவந்தார்கள். 1927 வரை, உருப்படிகளை மாற்றி மாற்றி, ஓடியது. 1929இல் பேசும் படமாகவும் வந்தது.

ஹொலவேயை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது இசைத்தட்டில் வெளிவந்த அவரது தனியுரைகள். எதுகை மோனையோடு பாட்டுப்போல எழுதப்பட்ட கதையை, பாடாமல், பின்னால் பியானோ மெல்ல வாசிக்க, பேச்சாகச் சொல்வது. 1920களின் இறுதியில் சாம் சிமோல் என்ற சிப்பாயை அவர் உருவாக்கினார். வாட்டர்லூ போர் தொடங்கப் போகிறது. அணிவகுப்பில் சார்ஜன்ற் ஒருவர் இடித்துச் சாமின் துப்பாக்கி கீழே விழுகிறது. எடு என்கிறார் சார்ஜன்ற். தட்டிவிட்டவர் நீர், எடுக்க வேண்டியவரும் நீரே என்கிறார் சாம். விடயம் மேலே மேலே போகிறது. ஒவ்வொரு பதவியாக அதிகாரிகள் வந்து கட்டளையிடுகிறார்கள். சாம் அசையவில்லை. கடைசியில் வெலிங்டன் பிரபுவே குதிரையில் வந்து, தயவாகக் கேட்கிறார். அப்போதுதான் சாம் குனிந்து எடுக்கிறார். போரும் தொடங்குகிறது.

மற்றது மரியற் எட்கர் எழுதிக் கொடுத்த ஆல்பேட்டும் சிங்கமும் கதை. பிளக்பூலுக்குச் சுற்றுலா போன றாம்ஸ்போட்டம் குடும்பத்தின் மகன், மிருகக்காட்சிச்சாலையில் வாலஸ் என்ற சிங்கத்தின் காதுக்குள் தடியை விட, சிங்கம் அவனைத் தின்றுவிடுகிறது. பெற்றோர் அலறவில்லை. முறைப்பாடு செய்யப் போகிறார்கள், ஏதோ வாங்கின சாமான் பழுதாகிப் போனதுபோல. தாய்க்குப் பெரிய கவலை, நுழைவுக் கட்டணம் கட்டி உள்ளே வந்த பிறகு இப்படி நடந்ததே என்பது.

எழுத்தில் இது கொடூரம். ஹொலவே சொல்லக் கேட்டால் சிரிக்காமல் இருக்க முடியாது. எப்படிச் செய்தார்? பழைய ஒலிப்பதிவுகள் இப்போதும் கிடைக்கின்றன. கேட்டுப் பார்த்தால் ஒன்று புலப்படும். அவர் எந்த இடத்திலும் பகிடியை நோக்கி ஓடுவதில்லை. மரண விசாரணை அறிக்கை வாசிப்பவரைப் போல, அவசரமில்லாமல், ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு சொட்டு இடைவெளி விட்டுப் போகிறார். சாமுக்குத் தன் துப்பாக்கி விடயம் உலகத்திலேயே முக்கியமானது. றாம்ஸ்போட்டத்துக்குக் கட்டணம் முக்கியமானது. சொல்பவர் அவர்களைப் பார்த்துச் சிரிப்பதில்லை. மேடை விகடகாரர்களில் பெரும்பாலானோர் செய்யும் கண்சிமிட்டலை அவர் விட்டுவிட்டார். பிறகு சினிமா அவரைத் தேடி வந்தபோது, அவர் கற்றுக்கொள்ள வேண்டியது குறைவாக இருந்ததற்கு இதுவே காரணம் என்று நாம் நினைக்கிறோம். புகைப்படக் கருவி முகத்துக்குக் கிட்ட வரும். கண் சிமிட்டுபவனை அது காட்டிக் கொடுத்துவிடும்.

இன்னொன்று. இந்தத் தனியுரைகள் எல்லாம் லங்காஷயர் வட்டாரத்து வடக்குப் பேச்சில் இருப்பவை. சொன்னவரோ லண்டன் ஓரத்துக்காரர். 'தெனாலி' படத்தில் கமல்ஹாசன் யாழ்ப்பாணத் தமிழ் பேசியபோது எமக்குள் எழுந்த விவாதங்கள் ஞாபகம் இருக்கலாம். ஹொலவேயை வடக்கு இங்கிலாந்துச் சனம் தங்கள் ஆளாகவே எடுத்துக்கொண்டது. வட்டாரப் பேச்சைக் கேலி செய்வதற்கும் அதற்குள் ஒரு மனிதனை வைப்பதற்கும் உள்ள வித்தியாசம், இலங்கை வானொலியில் 'கோமாளிகளின் கும்மாளம்' கேட்டவர்களுக்குப் புதிதல்ல. எஸ். ராமதாஸ் எழுதிய அந்தத் தொடரில் மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி, ஐயர் என்று நான்கு பேரும் நான்கு விதமாகத் தமிழ் கதைப்பார்கள். அது 1976இல் 'கோமாளிகள்' என்று படமானது.

வானொலியும் பேசும் படமும் வந்தது மியூசிக் ஹோலுக்குச் சாவுமணி. இதைக் கணக்கு மொழியில் சொன்னால் விளங்கும். ஒரு விகடகாரரின் பத்து நிமிட உருப்படி ஒரு முதலீடு. இந்த வாரம் லீட்ஸ், அடுத்த வாரம் கிளாஸ்கோ என்று ஒரே உருப்படியை வருடக்கணக்காக விற்கலாம். சிலர் வாழ்நாள் முழுக்க இரண்டு மூன்று உருப்படிகளோடு சீவித்தார்கள். வானொலியில் அதை ஒருமுறை சொன்னால் நாடு முழுக்க ஒரே இரவில் கேட்டுவிடும். முதல் ஒரே நாளில் தேய்ந்துவிடும். பெரிய பெரிய விகடகாரர்கள் இப்படித்தான் கையில் ஒன்றும் இல்லாமல் போனார்கள். ஹொலவே தப்பியது தான் வைத்திருந்த கதைகளால் அல்ல, அவற்றைச் சொல்லும் விதத்தால். அந்த விதத்தை வேறு பாத்திரங்களுக்கும் மாற்றலாம்.

1941இல் பேர்னாட் ஷோவின் நாடகத்தைப் படமாக்கிய 'மேஜர் பார்பரா'வில் ஒரு பொலிஸ்காரர். 1944இல் 'த வே அஹெட்' படத்தில், நாடாளுமன்றக் கட்டடத்தின் கொதிகலனுக்கு நிலக்கரி போடும் தொழிலாளி, கட்டாயப் படைச்சேவைக்கு அழைக்கப்படுபவர். அதே வருடம் 'திஸ் ஹப்பி பிறீட்', அடுத்த வருடம் 'த வே ரு த ஸ்ரார்ஸ்'. போர்க்கால இங்கிலாந்து தன்னைச் சாதாரண மனிதர்களின் நாடாகத் திரையில் பார்க்க விரும்பியது. அந்தச் சாதாரண மனிதனுக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. ஐம்பது தாண்டிய, சற்றுப் பருத்த, நம்பத்தகுந்த ஹொலவேயின் முகம் அதற்குப் பொருந்தியது.

1945இல் டேவிட் லீனின் 'பிரீஃப் என்கவுண்டர்'. திருமணமான இருவருக்கிடையில் நிலையத்துத் தேநீர்க்கடையில் முளைக்கும் காதல். ஹொலவே அங்கே ரிக்கற் பரிசோதகர் ஆல்பேட் கொட்பி; கடை நடத்தும் பெண்ணிடம் வெளிப்படையாக, வெட்கமில்லாமல் காதல் பண்ணுபவர். நடுத்தர வர்க்கத்து இருவரும் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும் அதே அறையில் இவர் தேநீர் கேட்டுச் சரசம் பேசுகிறார். வெறும் ஆறுதல் சிரிப்புக்காக வைத்தது என்று சில விமர்சகர்கள் தள்ளிவிடுவதுண்டு. எமக்கு அப்படித் தோன்றவில்லை. காதல் இவ்வளவு இலகுவாகவும் இருக்கலாம் என்று ஆல்பேட் காட்டுவதால்தான் மற்ற இருவரின் வேதனை உறைக்கிறது. நிலையக் காட்சிகள் எடுத்தது லங்காஷயரில் உள்ள கார்ன்ஃபோர்த்தில். போர்க்காலத்தில் குண்டு ஆபத்துக் குறைந்த இடம் என்று அங்கே போனார்கள்.

1948இல் லோரன்ஸ் ஒலிவியேயின் 'ஹம்லெற்' படத்தில் புதைகுழி தோண்டுபவர். சேக்ஸ்பியர் எழுதியதே விகடகாரனுக்கான பாத்திரம் அது. மண்டையோட்டைக் கையில் தூக்கிக்கொண்டு பகிடி கதைப்பது. சுடலையில் நின்று சிரிக்கவும் அழவும் வைப்பது எப்படி என்பது 'அரிச்சந்திர மயான காண்டம்' பார்த்து வளர்ந்த சமூகத்துக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1951இல் அலெக் கின்னஸோடு மேடையிலும் அதே பாத்திரத்தைச் செய்தார். 1970இல் பில்லி வைல்டரின் சேர்லொக் ஹோம்ஸ் படத்தில் மறுபடியும் குழி தோண்ட அழைத்தார்கள்.

அவருடைய படங்களில் நாம் மிகவும் விரும்புவது 1949இல் வந்த 'பாஸ்போர்ட் ரு பிம்லிக்கோ'. எடுத்தது ஈலிங் ஸ்ரூடியோ. கனகதுர்க்கை அம்மன் தேர் பார்க்கப் போகும் அதே ஈலிங். கதை இதுதான். போர் முடிந்து சில வருடங்கள், பங்கீட்டு அட்டை இன்னும் நடைமுறையில். பிம்லிக்கோவில் வெடிக்காமல் கிடந்த குண்டு வெடிக்க, உள்ளே ஒரு புதையலும் பழைய பட்டயமும் கிடைக்கின்றன. அந்தப் பட்டயத்தின்படி அந்தச் சில தெருக்கள் இங்கிலாந்தே அல்ல. பேர்கண்டி என்ற பழைய நாட்டைச் சேர்ந்தவை. ஆகவே பங்கீட்டுச் சட்டம் அங்கே செல்லாது. சனம் பங்கீட்டு அட்டைகளைக் கிழித்தெறிகிறது. ஹொலவே அங்கே கடை வைத்திருக்கும் ஆர்தர் பெம்பேட்டன். குண்டு விழுந்த வெறுங்காணியில் பிள்ளைகளுக்கு நீச்சல் குளம் கட்டலாம் என்று கனவு கண்டு, மாதிரி செய்து வைத்து, நகரசபையிடம் தோற்றுப்போன மனிதர். புதிய நாட்டுக்கு அவரே பிரதமர். வங்கி முகாமையாளர் நிதியமைச்சர். எமது தொழில்காரருக்கு இதில் ஒரு சிறு சந்தோசம்.

பிறகு அரசாங்கம் எல்லையை மூடுகிறது. முட்கம்பி. சுரங்க ரயிலுக்குள் கடவுச்சீட்டுக் கேட்கிறார்கள். தண்ணீரும் மின்சாரமும் வெட்டப்படுகின்றன. பிள்ளைகளை வெளியே அனுப்புகிறார்கள். உணவு தீரும்போது, வேலிக்கு அப்பால் இருக்கும் லண்டன்வாசிகள் பாணையும் தகரப்பேணிகளையும் உள்ளே எறிகிறார்கள்.

ஆங்கிலேயருக்கு இது நகைச்சுவைப் படம். நகைச்சுவைதான்; நாமும் சிரித்தோம். ஆனால் பொருளாதாரத் தடைக்காலத்தில் சவர்க்காரத்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றவர்கள், ஜாம் போத்தல் விளக்கில் திரி போட்டுப் படித்தவர்கள், சோதனைச் சாவடியில் பாஸ் காட்டி ஊர் மாறியவர்கள் அந்த வேலிக் காட்சியில் சற்று நேரம் மௌனமாகிவிடுவார்கள். அங்கே ஹொலவே என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். வீரவசனம் இல்லை. வாளிகளைப் பற்றியும் தண்ணீர் எங்கே எடுப்பது என்பதைப் பற்றியும் கவலைப்படும் கடைக்காரராகவே இருக்கிறார். முற்றுகைக்குள் பொறுப்பு ஏற்றவர்களின் முகம் அப்படித்தான் இருந்தது, எமக்குத் தெரியும். முடிவில் நிதியமைச்சரான வங்கி முகாமையாளர் சொல்லும் வழியே பிரச்சினையைத் தீர்க்கிறது: புதையலை இங்கிலாந்துக்குக் கடனாகக் கொடுப்பது.

கதையை எழுதியவர் ரி.ஈ.பி. கிளார்க். போர்க்காலத்தில் நெதர்லாந்து இளவரசி கனடாவின் ஒட்டாவாவில் பிள்ளை பெற இருந்தபோது, பிள்ளையின் குடியுரிமைக்காக மருத்துவமனை அறையைக் கனடாவின் ஆள்புலத்துக்கு வெளியே உள்ளதாக அறிவித்தார்கள் என்ற செய்தியே இந்தக் கற்பனைக்கு விதை. ஒரு குழந்தை எந்த நாட்டில் பிறந்தது என்ற கேள்விக்கு எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்த்தீர்களா? இளவரசி என்றால்.

அதே கிளார்க் எழுதிய 'த லவெண்டர் ஹில் மொப்' 1951இல் வந்தது. அலெக் கின்னஸ், இருபது வருடம் தங்கக் கட்டிகளின் போக்குவரத்துக்குக் காவலாக இருந்த நேர்மையான வங்கி எழுதுவினைஞர். ஹொலவே, நினைவுப் பொருட்கள் வார்க்கும் பட்டறைக்காரர். தங்கத்தைத் திருடி உருக்கி ஈபிள் கோபுரப் பொம்மைகளாக்கிப் பாரிசுக்குக் கடத்துகிறார்கள். கிளார்க்குக்கு ஒஸ்கார் கிடைத்தது. உலகறிந்த நடிகர் பக்கத்தில் நின்றும் ஹொலவே ஒரு அங்குலம் கூட முன்னே தள்ளவில்லை. பின்னே போகவும் இல்லை. கொன்சேர்ட் பார்ட்டிப் பழக்கம். 1953இல் ஈலிங்கின் முதல் வர்ணக் நகைச்சுவைப் படமான 'த ரிட்ஃபீல்ட் தண்டர்போல்ற்'றில், ஓடும் ரயிலில் விடியவே மதுக்கடை திறக்கலாம் என்பதற்காக ரயில் பாதைக்குப் பணம் கொடுக்கும் செல்வந்தர்.

இப்படியே ஓய்வு பெற்றிருந்தாலும் நல்ல வாழ்க்கைதான். ஆனால் 65 வயதில் 'மை ஃபெயர் லேடி' வந்தது. பாடலாசிரியர் அலன் ஜே லேர்னர் ஹொலவேயை லண்டனில் மதிய உணவுக்குச் சந்தித்து, குரல் இன்னும் இருக்கிறதா என்று கேட்டாராம். கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் கீழே வைத்துவிட்டு, அந்த ஹோட்டல் சாப்பாட்டறையிலேயே அவர் ஒரு சுரத்தை முழக்க, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள் என்று லேர்னர் எழுதியிருக்கிறார். 1956 மார்ச் 15 அன்று நியூயோர்க் பிரோட்வேயில் நாடகம் திறந்தது. ஒத்திகையில் றெக்ஸ் ஹரிசனையும் ஜூலி அன்ட்ரூஸையுமே இயக்குநர் மொஸ் ஹாட் கவனிக்கிறார் என்று ஹொலவே மனம் நொந்தார். இயக்குநர் சொன்ன பதில் இந்தக் கருத்தில் இருந்தது: ஒருத்தி பெரிய வேடம் போட்டதில்லை, மற்றவர் மேடையில் பாடியதில்லை, நீர் இரண்டும் செய்தவர், கவனிக்காமல் விட்டதே உமக்கு மரியாதை. நாடகம் அங்கே 2,717 தடவை நடந்தது. 1958 ஏப்ரல் 30 முதல் லண்டன் ட்றூரி லேன் அரங்கிலும் அதே பாத்திரத்தில் நடித்தார்.

படமாக்கும்போது ஹொலிவூட் முதலில் தேடியது ஜேம்ஸ் காக்னியை. அவர் மறுத்த பிறகே பாத்திரம் ஹொலவேக்கு வந்தது. துணை நடிகருக்கான ஒஸ்கார் பரிந்துரையும் கிடைத்தது. விருது 'ரொப்கப்பி' படத்துக்காகப் பீற்றர் உஸ்தினோவுக்குப் போனது. படம் மொத்தம் எட்டு ஒஸ்கார்களை வாங்கியது.

டூலிட்டில் பாத்திரத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மூலம் பேர்னாட் ஷோவின் 'பிக்மேலியன்'. தகப்பன், மகளைப் பேராசிரியர் வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு ஐந்து பவுண் கேட்டு வருகிறான். விக்டோரியா காலத்து இங்கிலாந்து ஏழைகளை இரண்டாகப் பிரித்தது: உதவிக்குத் தகுதியான ஏழை, தகுதியற்ற ஏழை. டூலிட்டில் தன்னைத் தகுதியற்றவன் என்று தானே அறிவிக்கிறான். தகுதியான விதவைக்கு எவ்வளவு பசியோ அவ்வளவு பசி எனக்கும் உண்டு, என் பங்கு எங்கே என்பது அவன் வாதம். பேராசிரியர் பத்தாகத் தர முன்வந்தால் மறுக்கிறான். பத்து என்றால் மிச்சம் பிடிக்கும் எண்ணம் வந்து சந்தோசம் கெட்டுவிடுமாம்.

இந்த நாட்டில் தஞ்சம் கேட்டு விண்ணப்பம் நிரப்பியவர்களுக்கு இந்த வாதம் வேறு மாதிரிக் கேட்கும். பயந்து வந்தவரா, பிழைக்க வந்தவரா என்று பிரிப்பதும் அதே பழைய பேரேடுதான். நாம் எல்லோரும் தகுதியான பக்கத்தில் எங்கள் பெயர் விழ வேண்டும் என்று சாட்சியும் சான்றிதழும் தேடி அலைந்தோம். டூலிட்டில் அந்தப் பேரேட்டையே மூடிவிடச் சொல்கிறான். ஹொலவே இதை ஒரு கிளர்ச்சியாளன் போலப் பேசுவதில்லை, கெஞ்சுவதும் இல்லை. சாம் சிமோல் துப்பாக்கியைப் பற்றிப் பேசியது போல, நியாயமான ஒரு விலை சொல்லும் வியாபாரியின் நிதானத்தோடு சொல்கிறார். பிள்ளையை விட்டுவிட்டுப் போன தகப்பனாகவே அவர் உலகப் புகழ் பெற்றார் என்பதும், தன் தகப்பன் 1905இல் போனதும் எமக்கு ஞாபகம் வருகிறது.

1964 என்பது தமிழ்த் திரையிலும் நகைச்சுவைக்காரருக்கு நல்ல வருடம். ரயில்வே எழுதுவினைஞராக இருந்து நாடகத்துக்கு வந்த நாகேஷ் 'சர்வர் சுந்தரம்' ஆனதும், 'காதலிக்க நேரமில்லை'யில் ரி.எஸ். பாலையாவுக்குக் கதை சொன்னதும் அந்த வருடந்தான். நாலு வருடம் கழித்து 'தில்லானா மோகனாம்பாள்' வைத்தியாக வந்து, சிரிக்க வைத்துக்கொண்டே எம்மை அருவருக்கவும் வைத்தார். பகிடிக்காரரைக் குணசித்திரப் பாத்திரத்தில் போட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

1960இல் ஹொலவேக்கு ஓ.பி.ஈ. விருது கிடைத்தது. 1967இல் தன்வரலாறு வெளியிட்டார். 1977இல், 86 வயதில், டக்ளஸ் பெயர்பாங்ஸ் ஜூனியரோடு ஆசியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் நாடகச் சுற்றுப்பயணம் போனார். மகன் ஜூலியன் ஹொலவேயும் நடிகர். 1982 ஜனவரி 30 அன்று சசெக்ஸ் கடற்கரை ஊரான லிற்றில்ஹம்ரனில் காலமானபோது வயது 91. அதே வருடத்தில்தான் பில்லிங்ஸ்கேற் சந்தையும் பழைய நதிக்கரைக் கட்டடத்தை விட்டுப் பொப்லர் பக்கம், எமது கடைக்காரர்கள் போகத் தொடங்கிய புதிய இடத்துக்கு, மாறியது. நியூஹாம் பகுதியில் கூல்பின் வீதியில் அவர் பெயரில் ஒரு குடியிருப்பும் உண்டு.

அவரைப் பார்க்க விரும்புவோர் 'பாஸ்போர்ட் ரு பிம்லிக்கோ'விலிருந்து தொடங்கலாம். 84 நிமிடந்தான். பழைய லண்டன் பேச்சு வேகமாகப் போகும். ஆங்கில எழுத்துகளைப் போட்டுக்கொண்டால் தவறில்லை. வீட்டில் தடைக்காலத்தைக் கண்ட பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் கூட இருத்துங்கள். வேலிக்கு மேலால் பாண் வந்து விழும் இடத்தில் பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு அவர்களே பதில் சொல்லட்டும்.